பெருவிரல் தீயும் காந்தள் பூவும்

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "புரட்டாசி விரதம் முடிந்த ஞாயிறு ஆட்டுக்கறி, கூடவே பீர். திங்கள் விடியற்காலை கால் பெருவிரல் நெருப்பாய் எரிந்தது. போர்வை பட்டாலே உயிர் போனது. கவுட் என்று டாக்டர் கோல்ச்சிசின் கொடுத்தார். அது வலி மாத்திரையா?"

இல்லை. அதனால்தான் எனக்கு அந்த மருந்தின்மேல் அத்தனை ஆசை.

கவுட் என்ற மூட்டுவலிக்குக் காரணமான யூரிக் அமிலத்தின் கதை தெரிந்ததுதான். ரத்தத்தில் அது டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் கரைந்து நிற்காது. உடம்பில் குளிர்ச்சியான கால்விரல் மூட்டில் ஊசி ஊசியாய்ப் படியும். விருந்து, அடி, நீர் வற்றிய உடம்பு என ஏதோ ஒரு சாக்கில் ஒருநாள் அந்த ஊசிகள் கிளறப்படும். மூட்டிலுள்ள காவல் செல்கள் அவற்றை விழுங்கி, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அபாயச் சங்கை ஊதும். நியூட்ரோபில் எனும் வெள்ளணுக்கள் திரண்டு வரும். வீக்கமும் எரிச்சலும் அந்தக் கூட்டத்தின் வேலை.

நாப்ராக்சன் வகை வலி மாத்திரைகள் வலியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மொத்த அழற்சியையும் அடக்கும். கோல்ச்சிசின் கைவைப்பது அந்தப் படையின் நடையிலேயே.

நியூட்ரோபில் திசை பார்த்து ஊர்வதற்கு அதற்குள் நுண்குழல்கள் வளர வேண்டும். டியூபுலின் என்ற புரதம்தான் செங்கல். இரண்டிரண்டாக ஒட்டிய ஜோடிச் செங்கல். ஜோடி நிமிர்ந்தால்தான் வரிசையில் பொருந்தும். கோல்ச்சிசின் அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் போய்ச் செருகிக்கொள்கிறது. ஜோடி வளைந்தபடியே நின்றுவிடும். வளைந்த கல்லின்மேல் அடுத்த கல்லை எப்படி வைப்பது? குழல் அத்தோடு நின்றது. சரி, மற்ற செல்களுக்கும் இது நேராதா? பல செல்களில் மருந்தை வெளியே தள்ளும் பம்பு உண்டு. நியூட்ரோபிலில் அது மிகக் குறைவு. அதனால் மருந்து அங்கேயே தேங்குகிறது.

இதே பொருள் செங்காந்தளில் இருக்கிறது. சாட்ஸ்வொர்த் இருக்கும் குவாசுலு-நாட்டால் மாகாணத்தின் கடற்கரைப் புதர்களில் தானாகப் படரும் கொடி. இலை நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றிக்கொள்ளும், அடியில் மஞ்சளும் மேலே சிவப்புமாக இதழ்கள் விரல்போல நிமிரும். தமிழ்நாட்டில் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு, விதையை இந்த மருந்துக்காக விற்கிறார்கள். கிழங்கை வீட்டில் அரைத்துத் தின்றுவிடாதீர்கள், உயிர் போய்விடும்.

கோல்ச்சிசினைப் பிரித்தெடுத்தது 1820இல். ஆனால் மொத்தம் 1.8 மில்லிகிராம் கொடுத்தாலே, 4.8 மில்லிகிராம் கொடுத்தது போலவே வலி குறையும், வயிற்றுப்போக்கும் குறைவு என்று ஒரு முறையான சோதனை காட்டியது 2010இல்தான். அத்தனை காலம் எத்தனை பேர் வயிறு கலங்கியிருப்பார்கள்! லாபம் தராத பழைய மருந்துகளைச் சோதிக்க அரசுப் பணம் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். அப்புறம், திருஷ்டி கழித்ததில் வலி போனது என்பவர்களுக்கு: இந்த வலி ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். எலுமிச்சைக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்கிறது.

வலி தொடங்கிய முதல் நாளிலேயே மருந்தை ஆரம்பித்தால் பலன் அதிகம். அல்லோபியூரினால் என்ற மாத்திரை யூரிக் அமிலத்தைக் குறைக்குமே தவிர, இந்த இரவின் வலியைத் தீர்க்காது. அதை ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் நிறுத்தவும் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறீர்கள் என்றாலும் சொல்லுங்கள்: நான் சொன்ன பம்பையே அது அடைத்துவிடும், கோல்ச்சிசின் உடம்பில் ஏறி விஷமாகும்.