எட்டு மணிக்குக் கப்பல் வந்துவிடும், எட்டு மணிக்கு நீங்கள் கரையில் இருக்க மாட்டீர்கள்

நார்வேயின் கெய்ராங்கரில் போன வாரமும் அதே கதைதான். அப்பா, அம்மா, நான்கு வயதுப் பையன், ஒன்பது வயதுப் பெண், கூடவே பாட்டி. எங்கள் உல்லாசக் கப்பலின் டூர் பட்டியலில் இருந்ததிலேயே நீளமான டூரை எடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் ‘கழுகுப் பாதை’, இன்னொரு பக்கம் டால்ஸ்னிப்பா மலையுச்சி. கழுகுப் பாதையில் 11 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு தாண்டுவதற்குள் பையன் காலையில் சாப்பிட்ட பான்கேக் முழுவதும் வெளியே வந்துவிட்டது. 1,476 மீட்டர் உச்சியில் அம்மாவும் பையனும் பஸ்ஸைவிட்டு இறங்கவே இல்லை. பாட்டி ரப்பர் செருப்போடு இறங்கினார், பனியைப் பார்த்தார், வந்த வேகத்தில் ஏறிக்கொண்டார். கப்பலுக்குத் திரும்பியதும் அப்பா நேராக எங்கள் எக்ஸ்கர்ஷன் (கரைச் சுற்றுலா) கவுன்ட்டருக்கு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டார். “மேல இவ்வளவு குளிரும்னு யாருமே சொல்லலையே தம்பி?”

டிக்கெட்டில் எழுதியிருந்தது. அந்த நேரத்தில் அதைச் சொல்லி என்ன பயன்?

வட ஐரோப்பாவில் ஓடும் உல்லாசக் கப்பல்களில் டூர் விற்பதுதான் என் வேலை. வாங்காதீர்கள் என்று நானே எழுதுவது விசித்திரம்தான். ஆனால் இன்று விற்ற டூருக்கு நாளை புகார் வருவதும் அதே கவுன்ட்டருக்குத்தான். அதுவும் குழந்தையோடு வரும் குடும்பங்களின் புகார்களுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது.

அது அந்த நேரக் கணக்கு. “கப்பல் எட்டுக்கு வருது, அஞ்சுக்குக் கிளம்புது, ஒன்பது மணி நேரம் கையில இருக்கே!” என்கிறார்கள். இல்லை. கெய்ராங்கர் சின்னக் கிராமம். அங்கே ஒரு மிதவைப் பாலம் உண்டு. அதில் உங்கள் கப்பலுக்கு இடம் இல்லையென்றால் ஃபியோர்டின் (மலைகளுக்கிடையே புகுந்திருக்கும் கடலின்) நடுவே நங்கூரம் போட்டு, டெண்டர் என்ற சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். எட்டு மணி என்பது நங்கூரம் விழும் நேரம். அதன்பின் உள்ளூர் அனுமதி வர வேண்டும். முதல் படகுகள் டூர் எடுத்தவர்களுக்குப் போகும். மற்றவர்கள் எண் சீட்டு வாங்கி உட்கார்ந்திருக்க வேண்டும். தள்ளுவண்டியை மடக்கு, குழந்தையைத் தூக்கு, ஒரு கையால் கம்பியைப் பிடி என்று இறங்கிக் கரையில் கால் வைக்கும்போது மணி ஒன்பதேகால் ஆகியிருக்கும். மாலையில் ஐந்து மணிக்குப் புறப்பாடு என்றால் நாலரைக்குள் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும். டெண்டர் துறைமுகத்தில் கடைசிப் படகு அதற்கும் முன்பே கிளம்பும், அதற்கு வரிசை மூன்றரைக்கே நீண்டுவிடும். சாப்பாடு, கழிப்பறை, அழுகை, ஐஸ்கிரீம் இதெல்லாம் போக நிம்மதியாகக் கையில் நிற்பது ஐந்து மணி நேரம். அதில் நான்கு மணி நேரத்தைப் பஸ்ஸில் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பயண அட்டவணையில் ஸ்டாக்ஹோம் என்று போட்டிருக்கும். பல பெரிய கப்பல்கள் நிற்பது நீனஸ்ஹாம்ன் என்ற ஊரில். நகரம் அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். 1628இல் முதல் பயணத்திலேயே மூழ்கி, 1961இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட வாசா கப்பலைக் குழந்தைகள் அவசியம் பார்க்க வேண்டும். 18 வயது வரை அந்த அருங்காட்சியகத்தில் கட்டணமும் இல்லை. அன்றைக்கு அது ஒன்றே போதும். அரண்மனை, பழைய நகரம், படகுச் சவாரி என்று ஐந்தாறு சேர்த்துக் கட்டிய டூரை எடுத்தால் எல்லாவற்றையும் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு வருவீர்கள். பால்டிக் பயணங்களில் ‘பெர்லின்’ என்று போட்டிருப்பதும் இப்படித்தான். கப்பல் நிற்பது வார்னமுண்டேயில், பெர்லினுக்கு ஒரு வழிக்கே மூன்று மணி நேரம் ஆகும். ஐந்து வயதுக் குழந்தையோடு அதற்குப் புறப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்கூட வருவதில்லை, குழந்தையை நினைத்துப் பாவமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம், தனியாகப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. கப்பல் நடத்தும் டூர் தாமதமானால் காத்திருக்கும், இல்லாவிட்டால் உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது கப்பலின் பொறுப்பு. நீங்களாக ஏற்பாடு செய்த வண்டி ஒற்றை மலைப்பாதையில் மாட்டிக்கொண்டால் அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுப்பது உங்கள் செலவு. அதற்காக எல்லா ஊரிலும் எங்களிடமே வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன் (என் மேலாளர் தமிழ் படிக்கத் தெரியாதவர்). நடந்து திரும்பக்கூடிய இடம் என்றால் நீங்களே போங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போகும் இடம் என்றால் கப்பலின் டூரை எடுங்கள்.

நார்வேயின் பெர்கனுக்கு நான் டூர் விற்க யோசிப்பேன். ஸ்கோல்டன் கப்பல்துறைப் பக்கம் கப்பல் நின்றால் பிரிக்கன் மரவீடுகளுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடைதான். அங்கிருந்து இரண்டு எட்டு வைத்தால் ஃப்ளோயன் மலை ரயில். 320 மீட்டர் உயரத்துக்குச் சில நிமிடங்களில் ஏற்றிவிடும். மேலே விளையாட்டுத் திடல், மேய்ந்து திரியும் ஆடுகள். போன முறை ஒரு சிறுமி மூன்று மணி நேரமும் ஆட்டின் பின்னாலேயே சுற்றினாள், பெற்றவர்களுக்கு மட்டும் ஊரைப் பார்க்கவில்லையே என்று குறை. டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள், பத்து மணிக்கு மேல் வரிசை வீதிக்கு வந்துவிடும். மழைக்கோட்டும் எடுங்கள். அந்த ஊரில் வருடத்தில் 200 நாளுக்கு மேல் மழை.

அதே நார்வேயில் ஸ்டவாங்கர் வந்தால் எல்லோருக்கும் பிரைக்கெஸ்டோலன் பாறை வேண்டும். 604 மீட்டர் உயரம், விளிம்பில் தடுப்புக் கிடையாது, போய்வர 8 கிலோமீட்டர் கல்லும் முள்ளுமான ஏற்றம், நடைக்கு மட்டும் நான்கு மணி நேரம். போட்டோ எடுக்க ஆசைப்படுகிற பதின்வயதுப் பிள்ளை இருந்தால், அதுவும் நல்ல ஷூ இருந்தால், அப்பாவோ அம்மாவோ ஒருவர் கூடப் போகட்டும். சின்னவர்கள் லீசெஃபியோர்ட் படகில் போய் அதே பாறையைக் கீழேயிருந்து பார்க்கலாம். அதுவும் வேண்டாமா? துறைமுகத்தை ஒட்டியே எண்ணெய் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் பக்கத்தில் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலின் பழைய குழாய், மிதவைகளை வைத்துக் கட்டிய திடலில் உள்ளூர்ப் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருப்பார்கள். இலவசம். இதை எந்த டூர் பட்டியலிலும் பார்க்க முடியாது.

நார்வேயின் ஃப்ளோம் என்ற ஊரில் மட்டும் செலவழியுங்கள். 20 கிலோமீட்டர் ரயில் பாதை, கடல் மட்டத்திலிருந்து 867 மீட்டர் ஏறி மிர்டால் போகிறது. போய்வர இரண்டு மணி நேரம், நடுவில் அருவிக்கு எதிரே நிறுத்துவார்கள். தூங்குகிற குழந்தைக்கும் முழங்கால் வலிக்கிற பாட்டிக்கும் பொருந்துகிற டூர் இது ஒன்றுதான். கப்பல் வரும் நாட்களில் சீட்டு முன்பே தீர்ந்துவிடும், வந்திறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஐஸ்லாந்துக்கும் போகிற பயணம் என்றால் ரெய்க்யாவிக்கில் கோல்டன் சர்க்கிள் ஒரு முழுநாள் பஸ் பயணம், ஏழு வயதுக்குக் கீழே நான் பரிந்துரைப்பதில்லை. அக்குரேரியில் கோடாஃபோஸ் அருவி பக்கம்தான், அரை நாளில் திரும்பிவிடலாம். மிச்ச நேரத்துக்கு ஊருக்குள்ளேயே சறுக்குகளோடு வெந்நீர் நீச்சல்குளம் இருக்கிறது. உள்ளே இறங்குமுன் உடையில்லாமல் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும் என்பது அங்கே கட்டாயம். கூச்சப்பட்டுத் திரும்பிவந்த மாமா ஒருவர் என்னைத் திட்டியிருக்கிறார்.

சரி, புறப்படுமுன் சில விஷயங்கள். கரையில் 18 டிகிரி என்றால் டால்ஸ்னிப்பா போன்ற உச்சியில் 8ஐ ஒட்டி இருக்கும், காற்றும் சேர்ந்துகொள்ளும். ஜூலை என்று காலண்டரைக் காட்டி என்னிடம் வாதாடாதீர்கள், குல்லாயை எடுங்கள். வளைவுப் பாதை என்றால் வாந்தி மாத்திரையைப் பற்றி ஊரிலேயே குழந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கி வாருங்கள், பஸ்ஸில் முன்சீட்டைக் கேளுங்கள், காலையில் பான்கேக் வேண்டாம். ஜூனில் இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் இருக்கும், பிள்ளைகள் தூங்க மறுப்பார்கள். தயவுசெய்து கேபின் திரையை எட்டு மணிக்கே இழுத்துவிடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து ஏழரை மணி டூருக்கு எழுப்பப்பட்ட பிள்ளை நான்காம் நாள் எதையும் பார்க்காது. தனியாகக் கார் பிடிப்பதாக இருந்தால் நார்வேயில் 135 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குத் தனி இருக்கை வேண்டும், முன்பதிவிலேயே கேளுங்கள். மதிய உணவு சேர்ந்த டூர் என்றால் தட்டில் பெரும்பாலும் சால்மனும் உருளைக்கிழங்கும்தான். சைவம் என்பதை வாங்கும்போதே சொல்லுங்கள், சாப்பாட்டு மேஜையில் சொன்னால் உருளைக்கிழங்கு மட்டும்தான் மிஞ்சும். ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சின்கி, தாலின் பக்கம் போனால் உள்ளூர் நேரம் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். கைப்பேசி தானாக மாறும், கப்பல் கடிகாரம் அறிவிப்பு வந்தால்தான் மாறும். இறங்கும்போது, கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் என்று வாசலில் எழுதியிருப்பதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிய டூரில் சந்தேகம் வந்துவிட்டதா? பெரும்பாலும் 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன்பு வரை பணம் பிடிக்காமல் ரத்து செய்யலாம், உங்கள் கப்பலின் விதியைப் பார்த்துவிடுங்கள். எந்த ஊரிலும் நிற்காத கடல் நாளில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கவுன்ட்டர் காலியாக இருக்கும். அப்போது வந்து, “பையனுக்கு நாலு வயசு, அம்மாவால அரை மணி நேரம்தான் நடக்க முடியும், பஸ்ஸில் எவ்வளவு நேரம், இறங்கி எவ்வளவு நேரம்?” என்று கேளுங்கள். எந்த மலை அழகு என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாமே அழகு என்றுதான் சொல்வோம்.