எலும்புப்புரை: தேய்மானம் அல்ல

பினாங்கில் ‘எலும்புத் தேய்மானம்’ என்ற பேச்சு இரண்டு நோய்களுக்கும் பொதுவாக ஓடுகிறது. மூட்டிலுள்ள குருத்தெலும்பு தேய்ந்து முழங்கால் வலிப்பது ஒன்று. எலும்பின் உள்ளடர்த்தி குறைவது மற்றொன்று. முறியும்வரை அது பெரும்பாலும் வலிக்காது. இந்த இரண்டாவதுதான் ஆஸ்டியோபோரோசிஸ். இதற்கும் சேர்த்து, மூட்டுவலிக்கென விற்கும் குளுக்கோசமின் மாத்திரையை விழுங்குவோர் உண்டு. காசுதான் கரையும், அடர்த்தி கூடாது.

கிரேக்கத்தில் ‘ஆஸ்டியோன்’ எலும்பு, ‘போரோஸ்’ துளை. 19-ஆம் நூற்றாண்டில் இப்பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்ட்ராஸ்பர்க் நோயியலாளர் ழான் லோப்ஸ்டைன். தமிழில் ‘எலும்புப்புரை’ சரியான சொல். புரை என்றால் உட்துளை. புண் புரையோடிவிட்டது என்கிறோமே, அதே புரை.

‘பரம்பரை வியாதி’ என்று சொல்வதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். வழிவழியாக வருவது நோயல்ல, எலும்பைக் கட்டும் வாகு. ஆளுக்கு ஆள் அடர்த்தி மாறுவதில் 50 முதல் 85 விழுக்காடு மரபணுவால் என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். எல்ஆர்பி5 என்ற மரபணுவின் இரு பிரதிகளும் (தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று) பழுதானால் சிறுவயதிலேயே எலும்பு நொறுங்கும், பார்வையும் போகும்; அதே மரபணுவில் வேறொரு மாற்றம் எலும்பை அசாதாரணக் கெட்டியாக்கிவிடும். இவை அபூர்வம். மற்றவர்களுக்கு நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கூட்டியும் குறைத்தும் வைக்கின்றன. ஆகவே எச்சில் மாதிரியை அனுப்பி ஒரே ஒரு மரபணுவைப் பார்த்து ஜோசியம் சொல்வதில் பயனில்லை.

மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் விழுகிறது. ரேங்க்-எல் என்ற புரதம் கட்டவிழ்ந்து, எலும்பை அரிக்கும் செல்களைப் பெருக்குகிறது. கட்டும் செல்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. முதல் சில ஆண்டுகளில் முதுகெலும்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு போகும். இளமையில் சேர்த்த இருப்பு குறைவாக இருந்தவர் எல்லையை முதலில் தொடுகிறார். அந்த எல்லை, எலும்படர்த்தியை எக்ஸ்-ரேயால் அளக்கும் டெக்சா ஸ்கேனில் டி-ஸ்கோர் -2.5; உலகச் சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்தது. டி-ஸ்கோர் என்பது இளவயதினரின் சராசரி அடர்த்தியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று காட்டும் எண்.

குடும்ப வரலாறு கேட்கும்போது ‘அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்ததா?’ என்பதோடு நிறுத்தக் கூடாது. எலும்பு முறியும் வாய்ப்பைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் கணக்கில் அப்பாவின் முறிவுக்கும் அதே எடைதான்.

ஸ்கேனுக்கு முன்பே ஒரு கணக்குப் போடலாம். மாதவிடாய் நின்ற ஆசியப் பெண்களுக்கான ஓஸ்டா: எடையிலிருந்து (கிலோ) வயதைக் கழித்து 0.2-ஆல் பெருக்க வேண்டும். 65 வயது, 50 கிலோ என்றால் -3, நடுத்தர ஆபத்து. -4-க்குக் கீழே போனால் அதிக ஆபத்து. ஸ்கேன் நாளில் கால்சியம் மாத்திரை வேண்டாம். வயிற்றில் கரையாமல் கிடந்தால் படத்தில் எலும்போடு சேர்ந்து தெரியும். முதுகெலும்பில் மூட்டுத் தேய்வால் எலும்பு முள் வளர்ந்திருந்தாலும் எண் பொய்யாக உயரும். அப்போது இடுப்பில் எடுத்த டி-ஸ்கோரையே நம்ப வேண்டும். அடுத்த முறையும் அதே மெஷினில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.