தண்ணீர் விடும் நேரம் சொல்ல குரூப் எதற்கு?

வேலூரில் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ ஏதாவது ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பாருங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்ற ஒரே ஒரு வரி, ‘குட் மார்னிங்’ ரோஜாப் படங்களுக்கு அடியில் புதைந்து கிடக்கும். சந்தா நோட்டில் இருந்த நம்பர்களை எடுத்து, யாரையும் கேட்காமல் சேர்த்திருப்பார்கள் என்பது அதைவிடப் பெரிய கோளாறு. ‘அட்மின் மட்டும் பதிவிடலாம்’ என்று பூட்டினால் சத்தம் அடங்கும், அவ்வளவுதான். ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரிவது நிற்காது. மாடிப் போர்ஷனில் தனியாகக் குடியிருக்கும் நர்ஸின் நம்பர் தெரு முழுக்க எதற்கு?

சின்னத் தெருவுக்கு, ஒரே செய்தியை எல்லோருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். யார் பதில் போட்டாலும் உங்களுக்கு மட்டும் தனியாக வரும். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும். மற்றவருக்குப் போகாது, போகவில்லை என்று உங்களுக்கும் யாரும் சொல்ல மாட்டார்கள். அனுப்பியதை அழுத்திப் பிடித்து ‘இன்ஃபோ’ பார்த்தால்தான் விடுபட்டவர் யார் என்று தெரியும். அதனால் நீங்களாக யாரையும் சேர்க்காதீர்கள். “சங்க நம்பரைச் சேமித்துவிட்டு, கதவு எண்ணுடன் ‘தண்ணீர்’ என்று அனுப்புங்கள், வேண்டாம் என்றால் ‘நிறுத்து’” என்று நோட்டீஸ் ஒட்டுங்கள். சம்மதமும் கிடைத்துவிடும், நம்பர் சேமிப்பதும் நடந்துவிடும்.

அதற்கு மேல் ஆள் இருந்தால் டெலிகிராம் ஆப்பில் பிரைவேட் சேனல்; அதில் அட்மின் பதிவிடுவார், மற்றவர்கள் படிப்பார்கள். சேர்ந்தவர்கள் யார் யார் என்பது அட்மினுக்கு மட்டுமே தெரியும். அழைப்பு லிங்க் உருவாக்கும்போதே அட்மின் ஒப்புதல் தேவை என்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த லிங்க் வீட்டுமனை புரோக்கர் கைக்குப் போய்ச் சேரும். கசிந்த லிங்க்கை ரத்து செய்யலாம். ஆனால் அதன் வழியே ஏற்கெனவே உள்ளே வந்தவரைத் தனியாகத்தான் நீக்க வேண்டும்.

சேனலில் அடிக்கடி நடக்கும் கூத்து, டைப் செய்யும் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் மணி அடையாளம். தெரியாமல் விரல் பட்டுவிட்டால் செய்தி சத்தமில்லாமல் போகும். விடிகாலைத் தண்ணீரைத் தெருவே கோட்டைவிடும். இன்னொன்று, நேரம் மாறினால் பழைய பதிவைத் திருத்தாதீர்கள். திருத்தினால் யாருக்கும் மணி அடிக்காது; புதிதாகவே போடுங்கள்.

‘இன்று தண்ணீர் வரும்’ என்று எழுதவே கூடாது. புதிதாகச் சேர்பவருக்குப் பழைய பதிவுகளும் தெரியும். “24-ம் தேதி, காலை 6 முதல் 7.30 வரை, 3-வது குறுக்குத் தெரு” என்று முதல் வரியிலேயே முடித்துவிடுங்கள். போன் பூட்டியிருந்தாலும் மேலே தெரிவது அந்த வரிதான்.

பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இது எதுவும் எட்டாது. மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் பதிவு செய்ய வேண்டும். தெருச் சங்கத்துக்கு அது கட்டுப்படியாகாது. அந்த வீடுகளை மட்டும் ஒரு தாளில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்து வீட்டில் குரல் கொடுத்துச் சொல்ல ஓர் ஆளைப் பேசி வைத்துவிடுங்கள்.