விரலை வளைக்கும் முன் கையைச் சூடேற்றுங்கள்: கிட்டார் வாசிப்பவர்களுக்கு

கிட்டார் வாசிக்கும் முன் கைகளைத் தயார்படுத்துகிறீர்களா என்று கேட்டால், கைவலியோடு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் ஆம் என்றே சொல்கிறார்கள். செய்து காட்டச் சொன்னால், இடக்கை விரல்களை வலக்கையால் பிடித்துப் பின்னோக்கி வளைக்கிறார்கள். ஒவ்வொரு விரலாகச் சொடக்கு எடுக்கிறார்கள். பிறகு நேராக வேகமான ஸ்கேலுக்கு (சுர வரிசைக்கு) போய்விடுகிறார்கள். ஓர் இயன்முறை மருத்துவராக நான் பார்த்த வரையில், இந்தப் பழக்கத்தால் கைக்கு நன்மை இல்லை. சிலருக்கு ஏற்கெனவே இருக்கும் எரிச்சலை இது கூட்டவும் செய்கிறது. சொடக்கு என்பது மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழால் எழும் ஓசை மட்டுமே, அதனால் எந்தத் தசையும் சூடாவதில்லை.

கம்பியை அழுத்துவது விரல் என்றாலும், விரலை மடக்கும் முக்கியமான தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் இழுவிசை தசைநாண்கள் வழியாக விரல் நுனி வரை செல்கிறது. அப்படிச் செல்லும் 9 தசைநாண்கள், ஒரு முக்கிய நரம்போடு சேர்ந்து, மணிக்கட்டில் உள்ள ஒரு குறுகிய சுரங்கத்தைக் கடக்கின்றன. ஆகவே விரலை மட்டும் பிடித்து இழுப்பவர், உண்மையில் வேலை செய்யப்போகும் முன்கைத் தசையைத் தொடவே இல்லை. தசையை மெதுவாகச் சுருக்கித் தளர்த்திக்கொண்டே இருந்தால்தான் அதற்குள் இரத்த ஓட்டம் கூடி, வெப்பம் ஏறி, அது விரைவாகச் சுருங்கவும் தளரவும் முடிகிறது.

சென்னை வெயிலில் கை எங்கே குளிரும் என்று கேட்பவர்கள் உண்டு. ஏசியைக் குறைந்த அளவில் வைத்திருக்கும் ஒலிப்பதிவுக் கூடத்திலும், டிசம்பர் மாதம் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ நடக்கும் நள்ளிரவு ஆராதனையிலும் கிட்டார் வாசித்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். நரம்பின் வேகத்தை அளக்கும் பரிசோதனையில், கையின் தோல் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் முதலில் கையைச் சூடாக்கிய பிறகே அளப்பார்கள். ஏனெனில் 1 டிகிரி குறைந்தாலே நரம்பில் செய்தி செல்லும் வேகம் நொடிக்கு 2 மீட்டர் அளவுக்குக் குறையக்கூடும். குளிரைவிட நம் ஊரில் நான் அதிகம் பார்ப்பது வேறொன்று: நாள் முழுவதும் கீபோர்டில் தட்டச்சு செய்து, நெரிசலில் பைக்கின் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து விட்டு, வீட்டுக்கு வந்த கையோடு கிட்டாரை எடுப்பது. அந்தக் கை குளிர்ந்திருக்காது, ஆனால் களைத்திருக்கும். அதற்கு முதலில் கால் மணி நேரமாவது ஓய்வு வேண்டும்.

தயாரிப்பைத் தோளிலிருந்து தொடங்குங்கள். இரண்டு நிமிடம் நடந்தபடி கைகளை வீசி, தோள்களைச் சுழற்றினாலே கைக்கு இரத்தம் வரத் தொடங்கும். பிறகு முன்கையை உள்ளும் வெளியுமாகத் திருப்பி, விரல்களை நேராக நீட்டுவது, கொக்கிபோல் மடக்குவது, முழு முஷ்டியாக மூடுவது, மீண்டும் விரிப்பது என்று நான்கைந்து முறை நிதானமாகச் செய்யலாம். தசைநாண்கள் தம் உறைக்குள் வழுக்கிச் சென்று வர இது உதவும். கை மிகவும் சில்லிட்டிருந்தால் வெதுவெதுப்பான நீரில் மூன்று நிமிடம் வைக்கலாம். ஆனால் நீரில் ஊறிய விரல் நுனியின் காய்ப்பு மென்மையாகிவிடும் என்பதால், நன்றாகத் துடைத்துச் சற்று நேரம் உலரவிட்ட பிறகே கம்பியைத் தொட வேண்டும். வலிநிவாரணித் தைலம் தோலில் சூடான உணர்வை மட்டுமே தரும். கம்பிகளையும் அது பாழாக்கும். ஸ்பிரிங் வைத்த கைப்பிடிக் கருவியை அழுத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை, வாசிக்கப்போகும் அதே தசைகளை முன்கூட்டியே களைப்படையச் செய்வதில் என்ன லாபம்?

கிட்டாரை எடுத்த பிறகு முதல் ஃப்ரெட்டில் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு இடையிலான கட்டத்தில்) தொடங்காதீர்கள். கம்பியின் நீளம் 65 சென்டிமீட்டர் உள்ள கிளாசிக்கல் கிட்டாரில் முதல் ஃப்ரெட்டின் அகலம் சுமார் 3.6 சென்டிமீட்டர், ஐந்தாவது ஃப்ரெட்டின் அகலம் 2.9 மட்டுமே. நான்கு விரல்களும் அடைக்க வேண்டிய தூரம் முதல் நான்கு ஃப்ரெட்களில் 13 சென்டிமீட்டருக்கு மேல். ஐந்திலிருந்து எட்டு வரை ஏறத்தாழ 10.6. மேலும், நட்டுக்கு (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டுக்கு) அருகில் கம்பியை அழுத்தக் கூடுதல் விசை வேண்டும். ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்த வேண்டிய, புதிதாகக் கற்பவரைத் தவிக்கவைக்கும் எஃப் பார் கார்டு அந்த இடத்தில்தான் இருக்கிறது. எனவே ஐந்தாவது ஃப்ரெட்டில், தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு சுரம் என்று வாசித்து, சில நிமிடங்களில் மெல்ல முதல் ஃப்ரெட்டை நோக்கி இறங்கி வாருங்கள். இந்த நிமிடங்களில் இன்னொன்றையும் பழகலாம்: விரலை ஃப்ரெட் கம்பியை ஒட்டி வைத்து, கரகரப்பு நிற்கும் அளவுக்கு மட்டும் அழுத்துவது. தேவைக்கு மேல் அழுத்துவதும், கட்டைவிரலால் கிட்டாரின் கழுத்தைப் பின்னாலிருந்து நெரிப்பதும்தான் பலருடைய வலிக்குக் காரணம் என்பது என் கணிப்பு. வலக்கைக்கும் இதே நிதானமான தொடக்கம் தேவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பார் கார்டு கடைசியில் வரட்டும். தசையை நீட்டிவிடும் பயிற்சியை வாசித்து முடித்த பிறகு, வலியில்லாத எல்லை வரை, 15 அல்லது 20 நொடிகள் செய்தால் போதும்.

இத்தனையும் செய்த பிறகும் வலித்தால், காரணம் வேறு இடத்தில் இருக்கலாம். கம்பிகள் ஃப்ரெட்போர்டிலிருந்து மிக உயரத்தில் இருக்கும் கிட்டார், மணிக்கட்டை மடக்கவைக்கும்படி தாழத் தொங்கும் பட்டை, கிரேடு தேர்வுக்கு முந்தைய வாரத்தில் திடீரென இரு மடங்காகும் பயிற்சி நேரம் ஆகியவற்றை எந்த வார்ம்-அப்பும் ஈடுகட்டாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு விரல் மடங்கிச் சிக்கிக்கொள்ளும் தொல்லை மற்றவர்களைவிட அதிகம் வரும்; விரல் உணர்ச்சியும் குறைந்திருக்கலாம் என்பதால், நீரின் சூட்டை அவர்கள் முழங்கையால் பார்த்துக்கொள்வது நல்லது.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போனால் மணிக்கட்டு நரம்பையும், சுண்டுவிரல் மரத்தால் முழங்கை நரம்பையும் பரிசோதிக்க வேண்டும். வலியே இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானாகச் சுருண்டுகொள்வது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய அறிகுறி. இசைக்கலைஞர்களுக்கு வரும் டிஸ்டோனியாவாக அது இருக்கலாம். அமெரிக்க கிளாசிக்கல் கிட்டார் கலைஞர் டேவிட் லைஸ்னர் இதனால் 1980-களில் மேடையை விட்டு விலகி, பல ஆண்டுகள் கழித்தே திரும்பினார். இது மூளை அசைவைக் கட்டுப்படுத்தும் விதத்தில் ஏற்படும் கோளாறு என்பதால், வார்ம்-அப்பைக் கூட்டிக்கொண்டே போவது உதவாது. நரம்பியல் மருத்துவரிடம் செல்லும்போது கிட்டாரையும் எடுத்துச் செல்லுங்கள். வாசிக்காமல் சும்மா இருக்கும் கையில் பெரும்பாலும் இது தெரியாது.