குளோஷர்னா இன்னா? தமிழ்ல எப்டி சொல்லலாம்?

கேரம் கிளப்போ ஃபுட்பால் கிளப்போ, பொதுக்குழுன்னா ஒருத்தர் மைக்கை புடிச்சா வுடவே மாட்டாரு. அப்போ பின்னாடிலேந்து ஒரு குரல் வரும் பாருங்க, "தலைவரே, பேசுனது போதும், ஓட்டுக்கு வுடுங்க"ன்னு, அதுக்கு சபை பாஷையில பேரு குளோஷர். 1918லயே பெரம்பூர்ல மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்ச ஏரியா நம்மளுது, கூட்டம் போடுறது நமக்கு புதுசே இல்ல, ஆனா இதுக்கு மட்டும் வாய்ல நிக்கிற மாதிரி தமிழ்ப் பேரு வரல.

வேர் லத்தீன், 'மூடு'ங்கிற அர்த்தத்துல. பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு, அமெரிக்க செனட்ல மட்டும் பிரெஞ்சு வாடையோட குளோச்சர்னு சொல்றாங்க.

விதியா வந்த கதைதான் சூப்பர். 1881 ஜனவரி 31 அன்னிக்கு கூடுன லண்டன் காமன்ஸ் சபை, அதாவது பிரிட்டிஷ் பார்லிமென்ட்டோட கீழ் சபை, பிப்ரவரி 2 காலைலதான் கலைஞ்சுது, 41 மணி நேரத்துக்கு மேல. அயர்லாந்துல ஆளுங்கள விசாரணை இல்லாம உள்ள வைக்க ஒரு மசோதா, ஐரிஷ் தலைவர் பார்னெல் பின்னாடி இருந்த ஐரிஷ் மெம்பருங்க மாத்தி மாத்தி பேசியே அதை இழுத்தடிச்சாங்க, கடைசில சபாநாயகர் பிராண்ட் விதியே இல்லாம தானா பேச்சை நிறுத்தி ஓட்டுக்கு வுட்டுட்டாரு. அடுத்த வருஷம், 1882ல, அதுக்கு விதியும் எழுதிட்டாங்க. அதாவது அடக்குமுறை சட்டம் ஒண்ணை பாஸ் பண்ண போயி பொறந்த விதி இது, அத கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கங்க.

இதை இஷ்டத்துக்கு யூஸ் பண்ணக் கூடாதுன்னு பல எடத்துல ஒரு பூட்டு போட்டு வச்சிருக்காங்க. நம்ம லோக்சபால விதி 362, இது நியாயமான விவாதத்தை கெடுக்குதுன்னு சபாநாயகருக்கு தோணுனா ஓட்டுக்கே வுட மாட்டாரு. செனட்ல 1917ல வந்துச்சு, 1975லேந்து மசோதாவுக்குன்னா 100 பேர்ல 60 பேர் வேணும். கிளப்புங்க நெறைய பின்பத்துற ராபர்ட் விதிகள், 1876ல அமெரிக்க ராணுவ இன்ஜினியர் ஒருத்தர் எழுதுனது, அதுல மூணுல ரெண்டு பங்கு கேக்குது. ஆளுக்கு 3 நிமிஷம்தான்னு பேச்சை சுருக்கவும் அதே கணக்குதான், ஏன்னா மெம்பரோட பேசுற உரிமையில கை வைக்கிறோம்ல.

பட்ஜெட்ல ஒவ்வொரு துறையும் செலவுக்கு பணம் கேக்குற மானியக் கோரிக்கைல மிச்சம் இருக்குறதை எல்லாம் கடைசி நாள்ல மொத்தமா ஓட்டுக்கு வுடுறது வேற, அது கில்லட்டின்.

சரி, தமிழ்ல? 'மூடல்'னா மெட்ரோ வேலைக்கு ரோட்டை அடைச்ச மாதிரி இருக்கு. 'வாயடைப்பு'ன்னு கிண்டலுக்கு சொல்லலாம், ஆனா தலைவர் "போதும் உக்காருப்பா"ன்னு அதட்டுறாரே, அதுதான் வாயடைப்பு, குளோஷர்ல முடிவு பண்றது தலைவர் இல்ல, கூட்டம். என் ஓட்டு 'விவாத முடிப்பு'க்குதான். 'விவாத முடிப்புத் தீர்மானம்'னு நீட்டாதீங்க, நம்மாளுங்களுக்கு முன்வைக்கிறதும் தீர்மானம்தான், முடிவானதும் தீர்மானம்தான், அதுலதான் சண்டையே வருது. பேச்சை நிறுத்த கை தூக்குனவனை "அப்போ புது கேரம் போர்டு வாங்க நீ ஓகே சொல்லிட்ட"ன்னு கணக்குல சேத்துடுவாங்க. ரெண்டும் வேற வேற ஓட்டு, மொத ஓட்டு 'பேசுனது போதுமா'ன்னு, ரெண்டாவதுதான் 'போர்டு வாங்கலாமா'ன்னு.

அதனால 'விவாத முடிப்பு முன்மொழிவு'. ஒருத்தர் எழுந்து "விவாதத்தை முடிச்சு ஓட்டுக்கு வுடணும்னு முன்மொழியிறேன்"னு சொல்லணும், இன்னொருத்தர் வழிமொழியணும், தலைவர் அப்பவே கை எண்ணணும், இதுக்கு மேல தனியா விவாதம் கெடையாது. மினிட்ஸ் புக்ல ரெண்டு ஓட்டோட எண்ணிக்கையும் தனித்தனியா ஏறணும்.