ஐசோபார்: சம அழுத்தக் கோடு

காற்றழுத்தம் ஒரே அளவாக இருக்கும் இடங்களை இணைத்து வானிலை வரைபடத்தில் போடும் கோடுதான் ஐசோபார். தமிழில் சம அழுத்தக் கோடு. இலங்கையில் அழுத்தத்தை அமுக்கம் என்பதால் அங்கே சமவமுக்கக் கோடு. நாம் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று நீட்டிச் சொல்வதை அவர்கள் ‘தாழமுக்கம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தச் சுருக்கம் ரொம்பப் பிடிக்கும்.

கிரேக்க மொழியில் ‘ஐசோஸ்’ என்றால் சமம், ‘பாரோஸ்’ என்றால் எடை. நம் தலைக்கு மேல் நிற்கும் காற்றின் எடைதானே அழுத்தம்! காற்றழுத்தத்தை அளக்கும் கருவியான பாரோமீட்டரிலும் இதே பாரோஸ்தான். அதற்குப் ‘பாரமானி’ என்று தமிழில் பெயர் வைத்தபோது ஒலியும் பொருளும் அழகாகப் பொருந்திவிட்டன. ஆனால் பாரமும் பாரோசும் உறவில்லை. பாரம், ‘சுமத்தல்’ என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்தது. கிரேக்க பாரோசுக்கு வடமொழியில் உண்மையான சொந்தம் ‘கனமான’ என்ற பொருளில் வரும் ‘குரு’.

வேதியியல் பாடத்திலும் ஐசோபார் உண்டு. ஆர்கான்-40, கால்சியம்-40 போல நிறை எண் ஒன்றாக இருக்கும் அணுக்களுக்கு அந்தப் பெயர். அங்கே சம அழுத்தக் கோடு என்று மொழிபெயர்த்தால் பொருளே மாறிவிடும்.

வெப்பநிலைக்கு இப்படிக் கோடு போட்டவர் ஜெர்மானிய அறிவியலாளர் ஹம்போல்ட், 1817இல். அழுத்தத்துக்கு உலகம் முழுக்க மாதவாரியாகக் கோடு வரைந்து காட்டியவர் ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் பக்கன், 1869இல். அதற்குள் தந்தி வந்துவிட்டிருந்தது. பல ஊர்களில் ஒரே நேரத்தில் எடுத்த அளவுகள் அன்றைக்கே ஒரு மேசைக்கு வந்து சேர, அன்றாட வானிலை வரைபடம் சாத்தியமானது.

சரி, கோட்டை எப்படிப் போடுகிறார்கள்? கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். தரைக்கு அருகில் ஏறக்குறைய 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். ஆகவே கோவையின் பாரமானி எப்போதுமே சென்னையைவிட ஐம்பது அளவுக்குக் குறைத்துத்தான் காட்டும். அதை அப்படியே வரைபடத்தில் குறித்தால் கோவைக்கு மேல் தினமும் புயல் நிற்கும்! அதனால் ஒவ்வொரு நிலையத்தின் அளவையும் கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட பிறகுதான் கோடு. ஓர் ஊரில் 1009, பக்கத்து ஊரில் 1007 என்றால் 1008 கோடு இரண்டுக்கும் நடுவே போகும். ஓர் இடத்துக்கு ஒரு நேரத்தில் ஒரே அழுத்தம்தான் என்பதால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது.

இன்னொரு சங்கதியும் உண்டு. நம் பக்கம் காற்றழுத்தம் கடல் ஓதம் போல நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். காலை, இரவு பத்து மணி வாக்கில் உச்சம். விடிகாலை, மாலை நான்கு மணி வாக்கில் தாழ்வு. மேகமே இல்லாத நாளிலும் பகலில் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிடும். அதைப் பார்த்துப் பதறினால் தினமும் எச்சரிக்கை விட வேண்டியதுதான். ஆகவே நேற்று இதே நேரத்தில் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிட்டு, 24 மணி நேர மாற்றத்தைப் பார்க்கிறார்கள். அழுத்தம் எந்தப் பக்கம் அதிகமாக இறங்கியிருக்கிறதோ அந்தப் பக்கம் தாழ்வு நகரக்கூடும் என்பது பழைய கைக்கணக்கு. இன்று கணினி மாதிரிகள் அந்த வேலையைச் செய்தாலும், மாதிரி சொல்வது சரியா என்று பார்க்க இந்த மாற்றம் இன்னும் உதவுகிறது.

செய்தியில் வரும் பெயர்களுக்கும் இந்தக் கோட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2 ஹெக்டோபாஸ்கல் இடைவெளியில் கோடு போடுகிறது. மூடிய வளையம் ஒன்று இருந்தால் தாழ்வுப் பகுதி, இரண்டு இருந்தால் தாழ்வு மண்டலம், மூன்று என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், நான்கு முதல் புயல். ஆனால் கடலில் காற்றின் வேகமே முதல் அளவுகோல். மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல். வளையங்கள் நெருங்க நெருங்கக் காற்று வேகமெடுக்கும். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலின் மையத்தில் அழுத்தம் 912 வரை இறங்கியது. இயல்பாக அங்கே ஆயிரத்துக்கு மேல் இருக்கும்.

‘குறைந்த காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’ என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடலாம். தாழ்வு என்றாலே குறைவுதான். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி போதும்.

பிரிட்டனில் 4 ஹெக்டோபாஸ்கலுக்கு ஒரு கோடுதான். இங்கே அழுத்த வேறுபாடு குறைவு என்பதால் நெருக்கி வரைகிறோம். நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூர், மலேசியா பக்கம் போனால் வேறுபாடு இன்னும் சிறுத்து, காற்றும் மற்ற இடங்களைப் போல இந்தக் கோடுகளை ஒட்டி ஓடாது. அங்கே வானிலையாளர்கள் காற்று ஓடும் திசையையே கோடாக வரைந்து பார்க்கிறார்கள்.