ஃபார்மை மூடினால் மெமரி திரும்பி வந்துவிடுமா?

“காலையில நல்லாத்தான் சார் ஓடுது. சாயங்காலம் ஆனா இழுக்குது. ஒரு தடவை மூடித் திறந்தா சரியாயிடுது.” பில்லிங், ஸ்டாக், மருத்துவமனை முன்பதிவு என்று டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் எவரும் இந்தப் புகாரைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. அதற்குக் கிடைக்கும் பதிலும் ஊருக்கு ஊர் ஒன்றுதான்: ரேம் பத்தவில்லை, இன்னொரு 8 ஜிபி போட்டுவிடுங்கள். போட்டுவிட்டுப் பார்த்தால் மறுநாள் சாயங்காலமும் அதே கதை.

‘மூடித் திறந்தால் சரியாகிறது’ என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. புரோகிராம் முடிந்ததும் அது பிடித்து வைத்திருந்த எல்லாவற்றையும் விண்டோஸ் பிடுங்கிக்கொள்கிறது. அப்படியானால், ஓடிக்கொண்டிருக்கும்போது எதையோ வாங்கி வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகிறது, திருப்பிக் கொடுக்கவில்லை. இதைத்தான் மெமரி லீக் என்கிறோம். வெப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு; ஒரு ரிக்வெஸ்ட் வந்தது, பதில் போனது, அதற்காக உருவானவை பெரும்பாலும் அதோடு போய்விடும். டெஸ்க்டாப் அப்படியில்லை. கடை ஷட்டர் திறக்கும்போது கிளிக் செய்த புரோகிராம் இரவு ஷட்டர் இறங்கும் வரை ஓடும். எடைமேடை கம்ப்யூட்டரில் வாரக்கணக்கில் மூடாமலே கிடக்கும். ஒரு தடவைக்கு 200 கேபி கசிந்தால் நம் மேசையில் பத்து நிமிடம் சோதித்துப் பார்க்கும்போது தெரியவே தெரியாது. கவுண்டரில் தெரியும்.

‘டாட்நெட்டில்தான் கார்பேஜ் கலெக்டர் இருக்கிறதே, லீக் எப்படி வரும்?’ என்று புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். டாட்நெட் என்பது புரோகிராம் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் தளம்; கார்பேஜ் கலெக்டர், வேண்டாத மெமரியைத் தானாக அள்ளும் அதன் பகுதி. கலெக்டர் அள்ளுவது யாரும் பிடித்திராத ஆப்ஜெக்டுகளை (புரோகிராம் மெமரியில் உருவாக்கும் பொருள்களை) மட்டும். திரை சம்பந்தப்பட்ட புரோகிராமில் ஒவ்வொன்றையும் யாராவது பிடித்துக்கொண்டே இருப்பார்கள்: விண்டோஸ் பிடித்திருக்கும், டைமர் பிடித்திருக்கும், ஏதோ ஒரு ஈவண்ட் (‘இது நடந்தால் சொல்’ என்ற ஏற்பாடு) பிடித்திருக்கும். பயனர் பார்வையில் ஃபார்ம் எனப்படும் ஜன்னல் போய்விட்டது. புரோகிராமின் கணக்கில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஒரு உதாரணத்தை நெருக்கமாகப் பார்ப்போம். ஓட்டல் பில்லிங்குக்கான தொடுதிரை. இடப்பக்கம் டிபன், சாப்பாடு, ஜூஸ் என்று வகைகள். வகையைத் தொட்டதும் வலப்பக்கப் பேனலில் அந்த வகைக்கான ஐட்டம் பட்டன்கள் வரவேண்டும். டாட்நெட்டின் திரை அமைக்கும் கருவியான விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுதுபவர்கள் பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் எழுதுவார்கள்: பேனலின் கண்ட்ரோல்ஸ் (அதிலுள்ள பட்டன் போன்றவற்றின் பட்டியல்) மீது கிளியர் கூப்பிடு, அப்புறம் லூப் போட்டுப் புதுப் பட்டன்களைச் சேர். திரையில் பார்த்தால் கச்சிதமாக வேலை செய்யும்.

கிளியர் என்பது பேனலிலிருந்து பட்டனைக் கழற்றுகிறது, அவ்வளவுதான். அழிப்பதில்லை. கழன்ற பட்டனுக்குப் பின்னால் விண்டோஸ் கொடுத்த ஜன்னல் ஹேண்டில் (அந்தப் பட்டனை விண்டோஸ் அடையாளம் காணும் எண்) ஒன்று இருக்கிறதல்லவா, அதை விண்டோஸ் ஃபார்ம்ஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு ‘பார்க்கிங் விண்டோ’வுக்கு மாற்றி வைத்துக்கொள்கிறது. நாளைக்கு அதே பட்டனை வேறொரு பேனலில் மாட்டுவீர்களோ என்ற நல்லெண்ணம்தான். நாம் மாட்டப்போவதில்லை. ஹேண்டில் உயிரோடு இருப்பதால் பட்டனும் உயிரோடு இருக்கிறது. பட்டன் பிடித்திருக்கும் படமும் இருக்கிறது. கலெக்டர் கிட்டேகூட வராது.

இப்போது கணக்குப் போடுங்கள். விண்டோஸில் ஒரு புரோசெஸுக்கு (ஓடும் ஒரு புரோகிராமுக்கு) யூசர் ஆப்ஜெக்ட் எனப்படும் இந்த ஜன்னல் வகையறாவுக்கு இயல்பான உச்சவரம்பு 10,000. வகைக்கு 40 பட்டன் என்றால் 250 முறை வகை மாற்றினால் வரம்பு முட்டிவிடும். கூட்டமான ஓட்டலில் 250 தொடுதல் என்பது ஒரு நாளுக்குக்கூடத் தாங்காது. முட்டியதும் ‘எரர் கிரியேட்டிங் விண்டோ ஹேண்டில்’ என்று ஒரு செய்தி வந்து புரோகிராம் விழும். அந்த நேரத்தில் 16 ஜிபி ரேமில் 10 ஜிபி சும்மா கிடக்கும். ரேம் வாங்கிப் போட்டவர் நம்மைப் பார்க்கும் பார்வை தனி.

சரி, கிளியருக்கு முன்னால் ஒவ்வொரு பட்டனையும் டிஸ்போஸ் (ஹேண்டிலோடு சேர்த்து விடுவிப்பது) செய்துவிடலாம் என்று ஃபார்ஈச் லூப் எழுதுவார்கள். இங்கேதான் இரண்டாவது குழி. ஒரு கண்ட்ரோலை டிஸ்போஸ் செய்தால் அது தன் பேரண்ட்டின் (தன்னைத் தாங்கும் பேனலின்) பட்டியலிலிருந்தும் தானாகவே கழன்றுகொள்ளும். பட்டியல் ஒரு இடம் முன்னால் நகர, லூப் ஒன்றைத் தாண்டிப் போய்விடும். எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) எதுவும் வராது. 40-ல் 20 அழியும். மீதி 20-ஐ அடுத்த வரியில் இருக்கும் கிளியர் பார்க்கிங் விண்டோவுக்கு அனுப்பிவிடும். லீக் சரியாகப் பாதியாகக் குறைகிறது. முன்பு மதியம் விழுந்த புரோகிராம் இப்போது இரவில் விழும். ‘சரி பண்ணியாச்சு, முன்னைக்கு இப்போ பரவாயில்லை’ என்று புகார் டிக்கெட்டை மூடிவிடுவார்கள். முழுதாக விழும் பிழையைவிட இந்தப் பாதிப் பிழைதான் எனக்குப் பயம்.

பட்டியலில் ஏதாவது இருக்கும்வரை முதல் கண்ட்ரோலை டிஸ்போஸ் செய்துகொண்டே போ என்று வைல் லூப் எழுதினால் தீர்ந்தது. பின்னாலிருந்து முன்னால் வந்தாலும் சரி. இதைவிட நல்ல வழி, பட்டன்களை அழித்து அழித்து உருவாக்காமல் ஒரே 40 பட்டன்களை வைத்துக்கொண்டு பெயரையும் விலையையும் மட்டும் மாற்றுவது. திரை மினுக்காது, வேகமும் கூடும்.

அடுத்தது ஈவண்ட். டெஸ்க்டாப் லீக்குகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். நகைக்கடை சாஃப்ட்வேரில் தங்க விலை மாறினால் அறிவிக்கும் ஒரு பொதுவான கிளாஸ் (புரோகிராமின் ஒரு பகுதி) இருக்கிறது என்று வையுங்கள். புரோகிராம் இருக்கும்வரை அதுவும் இருக்கும். ஒவ்வொரு பில் ஃபார்மும் திறக்கும்போது ‘விலை மாறினால் எனக்குச் சொல்’ என்று அதில் பதிந்துகொள்கிறது. யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்பதில்தான் பலருக்கும் குழப்பம். ஃபார்ம் விலை கிளாஸைப் பிடித்திருப்பதாக நினைக்கிறோம்; உண்மையில் விலை கிளாஸின் பட்டியலில் ஃபார்மின் பெயர் இருக்கிறது. வீட்டைக் காலி செய்தவர் பேப்பர்காரரிடம் சொல்லாமல் போனால் வாசலில் பேப்பர் விழுந்துகொண்டே இருக்குமே, அப்படித்தான். 60 பில் போட்டு மூடியிருந்தால், விலை மாறும்போது மூடிய 60 ஃபார்மும் உட்கார்ந்து கணக்குப் போடும்.

அதனால் இந்த வகை லீக் மெமரியில் தெரிவதற்கு முன்பே நடத்தையில் தெரிந்துவிடும். ஒரே மெசேஜ் பாக்ஸ் இரண்டு முறை வருவது, ஒரு பில் இரண்டு முறை பிரிண்ட் ஆவது, விலை மாற்றும்போது மட்டும் திரை உறைவது. இப்படி ஏதாவது புகார் வந்தால் நான் முதலில் தேடுவது பதிந்துவிட்டு விலகாத ஈவண்ட்டைத்தான்.

ஃபார்ம் மூடும் இடத்தில் பதிவை விலக்கிக்கொள்ள வேண்டும். பதியும்போது லாம்டா (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) எழுதியிருந்தால் கவனம்: விலக்கும்போது அதே லாம்டாவை மறுபடி தட்டச்சு செய்தால் கம்பைல் ஆகும், ஓடும், எதையும் விலக்காது. அது வேறொரு டெலிகேட் (ஃபங்ஷனைச் சுட்டும் ஆப்ஜெக்ட்). முன்பே ஒரு மாறியில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பெயருள்ள மெத்தடாக எழுத வேண்டும். டாட்நெட்டின் சிஸ்டம்ஈவண்ட்ஸ் கிளாஸில் இருப்பவை எல்லாம் ஸ்டேடிக் ஈவண்ட்கள், அதாவது புரோகிராம் முடியும்வரை இருப்பவை. தீம் மாற்றம், திரை அளவு மாற்றம் கேட்க அதில் பதிகிறவர்கள் விலக மறந்தால் ஃபார்ம் கடைசி வரை போகாது. இதைப் படித்துவிட்டு ஃபார்முக்குள்ளேயே இருக்கும் பட்டனின் கிளிக் ஈவண்ட்டையெல்லாம் விலக்க ஆரம்பிக்க வேண்டாம். பட்டனும் ஃபார்மும் ஒன்றாகவே போய்விடும், அங்கே பிரச்சினை இல்லை.

ஷோ என்று திறந்த ஃபார்மை மூடினால் அது தானே டிஸ்போஸ் ஆகிவிடும். ஷோடயலாக் என்று (பின்னால் உள்ள திரையைத் தொட விடாத டயலாக்காக) திறந்ததை மூடினால் டிஸ்போஸ் ஆகாது. மூடிய பிறகு அதிலிருந்து வாடிக்கையாளர் பெயரையோ தேதியையோ எடுக்க வேண்டியிருக்குமே என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். நியாயமான காரணம்தான், ஆனால் அதை யூஸிங் பிளாக்குக்குள் (முடிந்ததும் தானே டிஸ்போஸ் செய்யும் அமைப்பு) வைப்பது நம் பொறுப்பு. வைக்காமல் விட்டு, அந்த டயலாக்கில் ஒரு டைமரும் ஓடிக்கொண்டிருந்தால் வேடிக்கை பார்க்கலாம்: ஓடும் டைமரை கலெக்டர் தொடாது, டைமர் ஃபார்மை விடாது, மூடிய டயலாக் ஐந்து விநாடிக்கு ஒருமுறை டேட்டாபேஸைக் கேட்டுக்கொண்டே இருக்கும். சர்வர் பக்கம் இருப்பவர் ‘இவ்வளவு குவெரி எங்கிருந்து வருகிறது’ என்று தலையைச் சொறிவார்.

படங்களைப் பற்றி ஒன்று. 3 எம்பி ஜேபெக் என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. 4000-க்கு 3000 புள்ளி உள்ள படத்தைத் திரைக்காக விரித்தால் புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 எம்பி. இந்த 48 எம்பி கலெக்டர் பார்க்கும் இடத்தில் இல்லை. அதன் கண்ணுக்கு பிட்மேப் (விரித்த படத்தின் ஆப்ஜெக்ட்) என்பது குட்டியூண்டு ஆப்ஜெக்ட், அதனால் அவசரப்பட்டு அள்ள வராது. பிக்சர்பாக்ஸில் புதுப் படத்தை வைத்தால் பழையது தானாக அழியாது. பழையதை எடுத்து வைத்துக்கொண்டு, புதியதை மாட்டி, பழையதை டிஸ்போஸ் செய்ய வேண்டும். 32 பிட் புரோகிராமுக்கு இயல்பாகக் கிடைக்கும் இடமே 2 ஜிபிதான். இப்படி 40 படம் தங்கினால் கதை முடிந்தது. கெட்ஹெச்பிட்மேப் கூப்பிட்டு வாங்கிய ஹேண்டிலை டெலீட்ஆப்ஜெக்ட் கூப்பிட்டு நாமே விட வேண்டும், பிட்மேப்பை டிஸ்போஸ் செய்தால் மட்டும் போகாது. வரைய உதவும் பென்ஸ், பிரஷஸ் வகையறாவில் ரெடிமேடாகக் கிடைப்பவற்றையும் பெயிண்ட் ஈவண்ட்டில் கையில் தரப்படும் கிராஃபிக்ஸையும் டிஸ்போஸ் செய்யக் கூடாது. அவை நமக்குச் சொந்தமில்லை.

டூல் மாறினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஜாவாவின் திரைக் கருவியான ஸ்விங்கில், ஜேஃபிரேம் எனும் ஜன்னலின் எக்ஸ் பட்டனுக்கு இயல்பான வேலை மறைப்பது மட்டும். டிஸ்போஸ் ஆன் குளோஸ் என்று நாம் மாற்ற வேண்டும். சி பிளஸ் பிளஸில் க்யூட் என்ற திரைக் கருவியைக் கொண்டு எழுதுபவர்கள் ‘பேரண்ட் கொடுத்துவிட்டேன், அதுவே அழித்துவிடும்’ என்று நிம்மதியாக இருப்பார்கள். அழிக்கும்தான், பேரண்ட் சாகும்போது. பேரண்ட் மெயின் விண்டோ என்றால் அது இரவுதான் சாகும். அதுவரை ஒவ்வொரு கிளிக்குக்கும் நியூ போட்ட டயலாக்குகள் வரிசையாக நிற்கும். டெலீட் ஆன் குளோஸ் அட்ரிபியூட் வைக்க வேண்டும் அல்லது டெலீட்லேட்டர் கூப்பிட வேண்டும். டாட்நெட்டின் இன்னொரு திரைக் கருவியான டபிள்யூபிஎஃப்பில் ஓடும் டிஸ்பாட்சர்டைமர் அதே வேலையைச் செய்யும். பைத்தானின் திரைக் கருவியான டிகிண்டரில் மட்டும் நிலைமை தலைகீழ்: ஃபோட்டோஇமேஜை நாம் பிடித்து வைக்காவிட்டால் படம் திரையிலிருந்தே மறைந்துவிடும். அதில் அடிபட்டவர்கள் எல்லாப் படத்தையும் ஒரு குளோபல் லிஸ்டில் போட்டு வைப்பார்கள். அப்புறம் அது லீக் ஆகும்.

கண்டுபிடிக்க விலை உயர்ந்த டூல் வேண்டியதில்லை. டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கம் போய், தலைப்பில் வலது கிளிக் செய்து யூசர் ஆப்ஜெக்ட்ஸ், ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் (வரைவதற்கான பொருள்கள்), கமிட் சைஸ் (புரோகிராம் பிடித்திருக்கும் மெமரி) மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிடிஐக்கும் வரம்பு 10,000தான். சந்தேகப்படும் ஃபார்மை ஓரிரு முறை திறந்து மூடி, முதல் தடவைக்கான செலவுகள் முடியட்டும். அப்புறம் எண்களைக் குறித்துவிட்டு 20 முறை திறந்து மூடுங்கள். எண் ஏறி இறங்கி ஒரே மட்டத்தில் நின்றால் பிரச்சினை இல்லை. படிக்கட்டுபோல ஏறிக்கொண்டே போனால் லீக். மெமரி 400 எம்பி இருக்கிறது என்பது தனியாக ஒன்றும் சொல்லாது. கேஷ் (மறுபடி தேவைப்படும் என்று சேர்த்து வைப்பது) வைத்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். ஏற்றம்தான் முக்கியம்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க புரோகிராம் எழுதப் பயன்படும் விஷுவல் ஸ்டுடியோவின் மெமரி யூசேஜ் போதும். முன்னும் பின்னும் ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய மெமரி நிலையின் பதிவு) எடுத்து ஒப்பிட்டு, உங்கள் ஃபார்மின் பெயரைத் தேடுங்கள். ஒன்று மிச்சம் இருந்தால் கவலைப்படாதீர்கள், கடைசியாக மூடியதை ஃபிரேம்வொர்க் சில நேரம் பிடித்திருக்கும். 20 இருந்தால் ரூட் வரை (பிடித்திருக்கும் சங்கிலியின் தொடக்கம் வரை) போகும் பாதையைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஈவண்ட் ஹேண்ட்லர் அல்லது டைமர் என்று அங்கேயே எழுதியிருக்கும்.

செய்யக் கூடாத வைத்தியங்களும் உண்டு. ஒரு டைமர் வைத்து ஜிசி கலெக்ட் (கலெக்டரை உடனே ஓட்டும் கட்டளை) கூப்பிடுவது: பிடித்திருப்பதை அது எத்தனை முறை கூப்பிட்டாலும் அள்ளாது, கவுண்டர் மட்டும் விட்டு விட்டுத் திணறும். விண்டோஸ் அமைப்புகள் இருக்கும் ரிஜிஸ்ட்ரியில் ஹேண்டில் வரம்பை ஏற்றுவது: யூசர் ஆப்ஜெக்டுக்கு 18,000 வரைதான் ஏற்ற முடியும், மதியம் விழுவது மாலையில் விழும். தினமும் இரவு ரீஸ்டார்ட் செய்யச் சொல்வதை நான் முழுதாக வெறுக்கவில்லை. தீபாவளி வாரத்தில் வேறு வழியில்லாமல் சொல்லத்தான் வேண்டியிருக்கும். அதை டிக்கெட்டில் ‘தீர்வு’ என்று எழுதி மூடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

கடைக்காரர்கள், அலுவலகம் நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால்: சாஃப்ட்வேர் இழுக்கிறது என்று மட்டும் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் ரேமைத்தான் சொல்வார். டாஸ்க் மேனேஜரில் அந்த மூன்று எண்களும் தெரியும்படி வைத்து, கடை திறந்ததும் ஒரு போட்டோ, மதியம் ஒன்று, மூடும் முன் ஒன்று எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கூடவே அன்று எந்தத் திரையை அதிகம் திறந்தீர்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள். எங்கே தேடுவது என்று புரோகிராமருக்கு அதிலேயே பாதி தெரிந்துவிடும்.